சயாமா பதில்கள்: வில்லி விழும் நேரம்

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, இரவு ஒன்பது மணிக்கு மேல் கொரியப் பழிவாங்கல் தொடர் பார்ப்பவள் நான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இங்கே பர்மாவில் இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக் கொடுத்த சயாமா, அதாவது ஆசிரியை, இப்படி எழுதலாமா என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும், "சயாமா, நீங்களுமா?" என்று கூட்டாளி கிடைத்த மகிழ்ச்சியில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே தேர்வு, திருமணம், பத்தியச் சமையல் பற்றிய கடிதங்களை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை இந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

பெகு நகரிலிருந்து ஒரு வாசகி: எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு கைப்பேசியில் கொரியா கா (கொரியத் தொடர்) பார்க்கிறேன். மகன் கண்டால் சிரிப்பான் என்பதால் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறேன். வில்லி மாடிப்படியில் உருளும்போதும், நான்கு பேர் முன்னிலையில் அவளுடைய பொய் அம்பலமாகும்போதும் எனக்கு வருகிற சந்தோஷத்தை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. எறும்பைக்கூட மிதிக்காத எனக்குள் இவ்வளவு குரூரம் எங்கிருந்து வந்தது?

பதில்: அம்மா, நீங்கள் எறும்பை மிதிக்காதவர் என்பதால்தான் அந்த மாடிப்படி உங்களுக்கு அவ்வளவு இனிக்கிறது. வாழ்க்கையில் கையை ஓங்கத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தொடர்கள் பெரும்பாலும் சலிப்பூட்டும். அவர்கள் தங்கள் கணக்கை அன்றன்றே தீர்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். வாயை மூடிக்கொண்டு ஐம்பது ஆண்டு நடந்தவர்களுக்குத்தான் பாக்கி நிறைய இருக்கிறது.

என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்கிறேன். 1964-ஆம் ஆண்டு இங்கே கடைகளும் வணிகங்களும் அரசுடைமையாகி, மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளும் செல்லாமல் போனபோது, நம்மவர்களில் ஏராளமானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எங்கள் குடும்பமும் கிளம்புவதாகத்தான் இருந்தது. போகிறவர்கள் நகையை எடுத்துச் செல்ல முடியாது என்பதால், இங்கேயே தங்கிவிடுவதாக இருந்த ஓர் உறவுக்காரப் பெண்ணிடம் அப்பத்தா தன் அட்டிகையையும் இரண்டு ஜோடி வளையல்களையும் துணியில் முடிந்து கொடுத்து வைத்தார். கடைசி நேரத்தில் தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் போய்ப் பயணம் நின்றுவிட்டது. முடிச்சைத் திரும்பக் கேட்கப் போன அப்பத்தாவிடம் அந்த அம்மாள், "எந்த அட்டிகை?" என்று கேட்டாராம். அவ்வளவுதான், சாட்சி இல்லை, சீட்டு இல்லை. அதன் பிறகும் நல்லது கெட்டதுகளில் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அப்பத்தா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. எங்கள் அப்பாவுக்கே இந்தச் செய்தி தெரியாது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் இங்குள்ள தொலைக்காட்சியில் பர்மிய எழுத்துகளுடன் கொரியத் தொடர்கள் வரத் தொடங்கின. அப்பத்தாவுக்கு அந்த எழுத்தை ஓட்டமாகப் படிக்க வராது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வேன். ஒரு நாள் திரையில் ஒரு மாமியார்க்காரி, தான் திருடிய மோதிரத்தைத் தன் விரலிலேயே போட்டுக்கொண்டு, "எந்த மோதிரம்?" என்று கேட்டாள். அப்பத்தா மென்றுகொண்டிருந்த வெற்றிலையை நிறுத்திவிட்டு, "அவளும் இப்படித்தான் கண்ணை இமைக்காம கேட்டா" என்றார். அதற்குப் பிறகுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. அந்த மோதிரக்காரி பிடிபடும் வரை, ஏறக்குறைய இரண்டு மாதம், ஒரு நாள்கூட அப்பத்தா தொடரைத் தவறவிடவில்லை. அவள் பிடிபட்ட அன்று, தலையைத் துவட்டிக்கொண்டு நிற்பவர் போல நிம்மதியாக ஒரு மூச்சு விட்டு, "சரி, விளக்கை அணை" என்றார்.

ரங்கூன் முகல் தெருக் கிட்டங்கிகளில் வட்டித்தொழில் செய்த நம் செட்டியார்கள் வைத்திருந்த பேரேட்டில் பற்றும் வரவும் எதிரெதிரே நிற்கும். எந்தத் தொகையும் எழுதப்படாமல் தொலையாது. வாழ்க்கைக்கு அப்படி ஒரு பேரேடு கிடையாது. இந்தத் தொடர்களுக்கு உண்டு. முதல் பகுதியில் யாரோ ஒருத்தியின் கன்னத்தில் விழுந்த அறை எழுபதாவது பகுதியில் வட்டியோடு திரும்புகிறது, அதுவும் அதே கூடத்தில், அதே விருந்தாளிகள் முன்னிலையில். உங்களுக்கு வருகிற சந்தோஷத்தில் பாதி குரூரம் என்றே வைத்துக்கொள்வோம். மீதிப் பாதி, கணக்கு நேராவதைக் காண்கிற சந்தோஷம். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மூன்றாவது பகுதியில் அவனே, "அம்மா, நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்பான்.

ரங்கூன், ஒரு கல்லூரி மாணவர்: என் பாட்டி பார்க்கும் தொடர்களை 'மக்ஜாங்' என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? ஒருத்தி கடலில் தள்ளப்பட்டுச் செத்துப் போகிறாள், பிறகு முகத்தில் ஒரு மச்சத்தோடு திரும்பி வருகிறாள், கட்டிய கணவனுக்கே அவளை அடையாளம் தெரியவில்லை. இதை எப்படி, சயாமா, பெரியவர்கள் நம்புகிறார்கள்?

பதில்: மக்ஜாங் என்பது சுரங்கத் தொழிலாளர்களின் சொல். நிலக்கரிக்காகக் குடைந்துகொண்டே போகும்போது, அதற்கு மேல் வழி இல்லாமல் பாறை நிற்கிற கடைசி முனைக்கு அந்தப் பெயர். 'இதற்கு மேல் போக இடமில்லை' என்ற பொருளில், நம்ப முடியாத திருப்பங்களை அடுக்குகிற தொடர்களுக்கு அதைக் கேலியாகச் சூட்டிவிட்டார்கள். 2009-ஆம் ஆண்டில் கொரிய அரசின் நிலக்கரிக் கழகத் தலைவர், தொழிலாளர்கள் உயிரைப் பணயம் வைத்து உழைக்கிற இடத்தின் பெயரை இப்படி இழிவாகப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று கொரியர்கள் அதைக் கேலியும் செல்லமுமாகச் சொல்கிறார்கள். நாம் வீட்டில் ஒரு வாலுப்பிள்ளையை 'போக்கிரி' என்று சொல்வதைப் போல.

நீங்கள் சொல்லும் மச்சக்கதை 'டெம்ப்டேஷன் ஆஃப் வைஃப்' என்று ஆங்கிலத்தில் பெயரிடப்பட்ட தொடர். 2008 நவம்பர் முதல் 2009 மே வரை எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் 129 பகுதிகளாக வந்தது. எழுதியவர் கிம் சூன்-ஓக். மனைவியாக நடித்தவர் ஜாங் சோ-ஹீ. கணவனாலும் உற்ற தோழியாலும் வஞ்சிக்கப்பட்டு, கடலில் மடிந்ததாகக் கருதப்பட்டவள், கண்ணுக்குக் கீழே ஒரு மச்சத்தை வைத்துக்கொண்டு வேறொரு பெயரில் வந்து, அதே கணவனை மயக்கி, அந்தக் குடும்பத்தை வேரோடு பிடுங்குகிறாள். அந்த மச்சத்தைக் கொரியாவில் கேலி செய்யாத ஆளே இல்லை. ஆனால் தம்பி, நாம் அந்தக் கேலியில் சேர்ந்துகொள்ளலாமா? கன்னத்தில் ஒரு மருவையும் மோவாயில் ஒரு குறுந்தாடியையும் ஒட்டிக்கொண்டு கதாநாயகன் வில்லனின் மாளிகைக்குள் நுழைந்தால் பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாத தமிழ்ப் படங்களைப் பார்த்துக் கைதட்டிய பரம்பரையில் வந்தவர்கள் நாம். உங்கள் பாட்டி அந்த மச்சத்தை நம்பவில்லை, ஒப்புக்கொள்கிறார்; இரண்டும் வேறு வேறு. தெருக்கூத்தில் சற்று முன்பு உங்களிடம் தீப்பெட்டி வாங்கிப் பீடி பற்றவைத்த மனிதர் கிரீடம் வைத்து வந்து நின்றால், அவரை இராசாவாக ஒப்புக்கொள்கிறோம் அல்லவா? அதே ஒப்பந்தம்தான் இங்கேயும்.

இந்தத் தொடர்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்குத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுகிற தொடர், நூறு பகுதிகளைத் தாண்ட வேண்டும். எத்தனை வீடுகளில் பார்த்தார்கள் என்ற கணக்கு மறுநாள் காலையிலேயே வந்துவிடும். ஒளிபரப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் கதை எழுதப்படும். படப்பிடிப்புத் தளத்துக்கு அன்றைய காட்சி மட்டும் துண்டுத் தாளாக வந்து சேருகிற வழக்கத்துக்கென்றே அவர்கள் மொழியில் தனிச்சொல் உண்டு. நாளைக்கும் ஆட்களை வரவழைக்க வேண்டும் என்ற நெருக்கடியில் எழுதுகிறவர், ஒவ்வொரு நாளின் கடைசி நிமிடத்திலும் ஒரு கதவைத் திறந்து அதன் பின்னால் செத்துப் போனவரை நிற்க வைக்கிறார். மரபணுச் சோதனை முடிவு வைத்த உறை, லாரி, நினைவிழப்பு, மருத்துவமனையில் மாறிப் போன குழந்தை எல்லாம் அந்த நெருக்கடிக்குக் கைகொடுக்கும் கருவிகள். 2014-இல் வந்த ஒரு காலைத் தொடரில், மகளுக்குத் துரோகம் செய்த மருமகனின் கன்னத்தில் ஒரு மாமியார் முழு முட்டைக்கோஸ் கிம்ச்சியால் ஓங்கி அறைந்தார். மிளகாய்ச் சாறு தெறித்த அந்தச் சில நொடிகளைப் பல நாடுகளிலும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கையால் அறைந்திருந்தால் யாருக்கு நினைவிருக்கும்?

மோல்மீன், ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்: குடும்பப் பெண்கள் இரவு முழுவதும் சூழ்ச்சியும் விஷமும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் மனம் கெட்டுப் போகாதா? நம் புராணங்களைப் படித்தால் ஆகாதா?

பதில்: ஐயா, எந்தப் புராணத்தைச் சொல்கிறீர்கள்? அரக்கு மாளிகைக்கு நெருப்பு வைத்த கதையையா, சபை நடுவே சேலையை உருவிய கதையையா? துச்சாதனன் இரத்தத்தைத் தடவாமல் கூந்தலை முடிய மாட்டேன் என்று பதின்மூன்று ஆண்டு தலைவிரி கோலமாக நின்றவளுக்குத்தான் நாம் ஊர் ஊராகக் கோயில் கட்டித் தீ மிதிக்கிறோம். வீட்டுப் பெண்கள் பகல் முழுவதும் யாருக்கு எதை எடுத்து வைப்பது என்று யோசித்துவிட்டு, இரவில் ஒரு மணி நேரம் தங்களுக்காக உட்காருகிறார்கள். அந்த நேரத்தில் நீங்களும் உட்கார்ந்து, சூரியகாந்தி விதையை உரித்து அவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

தாட்டன், ஓர் இளம் இல்லத்தரசி: கதாநாயகியை விட வில்லியைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது. அவள் வரும் காட்சிக்காகவே காத்திருக்கிறேன். என் நாத்தனார் இதைக் கேட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். உங்களுக்கு அப்படித் தோன்றியதுண்டா?

பதில்: எனக்கு எப்போதுமே அப்படித்தான். உங்கள் நாத்தனாருக்கும் அப்படித்தான் இருக்கும், ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார்.

நல்லவள் எதையும் தொடங்குவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவளுக்கு ஏதாவது நேர்கிறது, அழுகிறாள், தாங்கிக்கொள்கிறாள். கதையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறவள் வில்லிதான். கூனி ஒரு மாலைப்பொழுது வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இராமாயணம் பட்டாபிஷேகத்தோடு முடிந்திருக்கும், நமக்குச் சுந்தரகாண்டமும் கிடைத்திருக்காது. பழிவாங்கல் கதையில் கதாநாயகிக்கு உயிர் வருவதும், அவள் வில்லியிடமிருந்து தொழிலைக் கற்றுக்கொண்ட பிறகுதான்.

'பென்ட்ஹவுஸ்' பார்த்திருப்பீர்கள். அதுவும் கிம் சூன்-ஓக் எழுதியதுதான். 2020 அக்டோபரில் தொடங்கி 2021 செப்டம்பரில் மூன்றாவது பருவத்தோடு முடிந்தது. ஹேரா பேலஸ் என்னும் நூறு மாடிக் கட்டடத்தில் பணக்காரக் குடும்பங்கள் வாழ்கின்றன. முதல் பகுதியிலேயே கண்ணாடி மின்தூக்கியில் ஒருத்தி மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, அவள் கண் முன்னால் ஒரு சிறுமி கீழே விழுகிறாள். மேலே போகிற ஒருத்தி, கீழே போகிற ஒருத்தி. அந்தக் கட்டடத்தின் கதை முழுவதையும் அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. அதில் சோன் சோ-ஜின் என்னும் பாடகியாக வருகிற கிம் சோ-யோனைத்தான் நீங்கள் மனதில் வைத்து எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கொட்டுகிற மழையில், படிகளில் உருண்டு உயிருக்குப் போராடும் தகப்பனைத் தூக்காமல், அவர் கையிலிருந்த பையைப் பறித்துக்கொண்டு ஓடி, இரத்தம் படிந்த விரல்களோடு பியானோவின் முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறாள். முகத்தில் அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வருகின்றன. நான் அந்தக் காட்சியை மூன்று முறை பார்த்தேன். முதல் முறை அவளைத் திட்டினேன். இரண்டாவது முறை, தகப்பன் ஒரு தடவையாவது 'நன்றாகப் பாடினாய்' என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. மூன்றாவது முறை விரல்களை மட்டும் பார்த்தேன். அந்த வேடத்துக்காகக் கிம் சோ-யோனுக்கு 2021-இல் கொரியாவின் பேக்ஸாங் விருதுகளில் தொலைக்காட்சியின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அந்தத் தொடரில் நல்லவளாக நடித்தவரின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் பலர் சற்று யோசிப்பார்கள்.

ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கடைசி வாரத்தில் வில்லிக்குப் புத்தி பேதலித்துப் போவது, நினைவு தப்பிப் போவது, குழந்தையைப் போலப் பொம்மையோடு பேசிக்கொண்டு உட்காருவது என்று சில தொடர்கள் முடித்துவிடுகின்றன. தான் செய்தது எதுவும் தெரியாதவளைத் தண்டிப்பது, செத்துப் போனவரிடம் கடன் வசூலிக்கப் போவதைப் போன்றது. கடைசி நிமிடத்தில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சூப் குடித்து மன்னித்துக்கொள்ளும் முடிவுகள் அதைவிட மோசம். நூற்றிருபது நாள் நான் விழித்திருந்தது சூப்புக்காக அல்ல.

மாந்தளை, ஒரு வாசகி: பக்கத்து வீட்டு டோ (பர்மியப் பெரியம்மா) மிகவும் நல்லவர், பௌர்ணமி, அமாவாசை நாள்களில் விரதம் இருப்பவர். நாங்கள் கொரியா கா பார்த்து லூஜானை (கெட்ட பாத்திரத்தை) திட்டிக்கொண்டிருக்கும்போது, "பகையால் பகை தணியாது என்று புத்தர் சொல்லியிருக்கிறார், பழிவாங்குவதைப் பார்த்து மகிழ்ந்தால் அந்த வினை பார்க்கிறவர்களையும் சேரும்" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அவர் சொன்னது தம்மபதத்தின் ஐந்தாவது பாட்டு. அவரிடம் வாதம் செய்ய வேண்டாம். அந்தப் பாட்டு எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டது என்று பழைய உரை ஒரு கதை சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அதைவிடப் பெரிய மக்ஜாங் கொரியாவில் இன்னும் எழுதப்படவில்லை என்பது என் கருத்து.

பிள்ளை இல்லாத ஒரு மனைவி, தன் கணவனுக்குத் தானே இரண்டாம் தாரத்தைத் தேடிக் கட்டி வைக்கிறாள். இளையவள் கருவுற்றதும், வீட்டில் தன் இடம் போய்விடுமே என்ற அச்சத்தில் உணவில் மருந்தைக் கலந்து கொடுத்துக் கருவைக் கலைக்கிறாள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை இளையவளின் உயிரே போகிறது. சாகும்போது அவள், 'அடுத்த பிறவியில் உன் பிள்ளைகளைத் தின்பேன்' என்று சபதம் எடுக்கிறாள். நடந்ததை அறிந்த கணவன் மூத்தவளை அடிக்க, அவளும் இறந்து அதே வீட்டில் கோழியாகப் பிறக்கிறாள். இளையவளோ அங்கேயே பூனையாகப் பிறந்து, அந்தக் கோழியின் முட்டைகளைத் தின்கிறாள், பிறகு கோழியையும் தின்கிறாள். மறுபிறவியில் கோழி சிறுத்தையாகிறது, பூனை மானாகிறது. இப்போது மான்குட்டிகளைச் சிறுத்தை தின்கிறது. அதற்கும் அடுத்த பிறவியில் மான் யட்சிணியாகவும் சிறுத்தை சாவத்தி நகரத்தில் ஒரு குடும்பப் பெண்ணாகவும் பிறக்கிறார்கள். யட்சிணி தோழி வேடத்தில் பேறுகால அறைக்குள் வந்து இரண்டு குழந்தைகளைத் தின்றுவிடுகிறாள். தோழி வேடம்! மச்சம்கூட ஒட்டிக்கொள்ளவில்லை. மூன்றாவது குழந்தையோடு தாய் வீட்டிலிருந்து திரும்பும் வழியில், குளக்கரையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் யட்சிணி வருவதைப் பார்த்துவிட்டு, ஓட்டமாக ஓடி, விகாரைக்குள் நுழைந்து, குழந்தையைப் புத்தரின் காலடியில் போடுகிறாள். வாசலில் தடுக்கப்பட்டு நின்ற யட்சிணியையும் உள்ளே அழைக்கச் சொல்லி, இருவரையும் எதிரெதிரே நிறுத்தி அவர் சொன்னதுதான் உங்கள் டோ சொன்ன அந்த வரி.

ஆக, அந்த ஒரு வரியைக் கேட்பதற்கு முன்னால், முட்டையும் குட்டியும் குழந்தையுமாக மூன்று பிறவிக் கதையைக் கேட்பவர்கள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். கேட்கும்போது அவர்கள் கண்களும் நம் கண்களைப் போலவே விரிந்திருக்கும். பர்மிய மொழியில் நாடகத்துக்குச் சொல்லும் 'ஜாத்' என்ற சொல்லே, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளிலிருந்து வந்ததுதான் என்பதையும் டோவிடம் நினைவூட்டுங்கள். பிறவிதோறும் போதிசத்துவரைத் துரத்துகிற தேவதத்தனைப் போல நீண்ட காலம் பணியில் இருந்த லூஜான் வேறு யார்?

இந்தக் கதையில் எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. ஒரு பிறவியில் வஞ்சித்தவள் அடுத்ததில் வஞ்சிக்கப்படுகிறாள். பாதியில் வந்து உட்காருகிறவருக்கு யார் நல்லவள், யார் லூஜான் என்றே தெரியாது. நான் மேலே பேரேட்டைப் பற்றிப் பெருமையாக எழுதினேன் அல்லவா? 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் போய், கீழ்ப் பர்மாவின் நெல் நிலங்களில் ஏறத்தாழக் கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பேரேட்டில் வரவு என்று எழுதப்பட்ட அதே ஏக்கர்களைப் பர்மிய விவசாயி தன் வீட்டில் வேறு பெயரில் எழுதி வைத்திருப்பார். அவர் சொல்லும் கதையில் லூஜான் விபூதி பூசிக்கொண்டு வருவார். நல்ல பழிவாங்கல் தொடர் இந்த இடத்தைத் தொடாமல் விடாது. நடுவில் ஒரு நாள், கதாநாயகி கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போது அங்கே வில்லியின் பார்வை தெரியும். நாமும் சற்றுக் கூசிப் போவோம். அந்தக் காட்சி வைக்காத தொடரைப் பாதியிலேயே விட்டுவிடுங்கள்.

புத்தர் அந்தத் தாயிடம் குழந்தையை யட்சிணியின் கையில் கொடுக்கச் சொன்னாராம். அவள் நடுங்கிக்கொண்டே கொடுக்க, யட்சிணி அதை முத்தமிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு அழத் தொடங்கினாளாம். பிறகு அவளை வீட்டுக்கு அழைத்துப் போய்க் கஞ்சி வார்த்துக் காப்பாற்றுகிறார்கள். நன்றிக்கடனாக அவள், 'இந்த ஆண்டு மழை மிகும், மேட்டில் விதை. இந்த ஆண்டு வறட்சி, பள்ளத்தில் விதை' என்று அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தாள். இதைப் படித்தபோது எனக்கு 'தி குளோரி' நினைவுக்கு வந்தது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் எட்டு எட்டுப் பகுதிகளாக நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடர் அது. பள்ளியில் தன்னை முடி சூடாக்கும் கருவியால் சுட்டுத் துன்புறுத்திய கூட்டத்தைப் பல ஆண்டுகள் திட்டமிட்டுப் பழிவாங்கும் பெண்ணாகச் சோங் ஹே-கியோ நடித்தார். 2000-ஆம் ஆண்டின் இலையுதிர்காலக் காதல் தொடரில் நோயாளிப் பெண்ணாக வந்து நம்மையெல்லாம் அழ வைத்தவர்தான் அவர். தலைமை வில்லியாக வந்த இம் ஜி-யோனுக்கு அதில் என்ன வேலை தெரியுமா? தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை வாசிப்பது. கடைசியில், முடிவைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், சிறை அறையில் மற்றக் கைதிகள் அவளை நிற்க வைத்து, வானிலை சொல்லிக் காட்டச் சொல்கிறார்கள். அழுகையும் புன்னகையுமாக அவள் நாளைய மழையைச் சொல்கிறாள். அந்தத் தொடரை எழுதியவர் நம் யட்சிணியை அறிந்திருக்க மாட்டார். இரண்டு வில்லிகளும் மழையைச் சொல்லி முடிவது தற்செயல்தான். ஆனால் ஒருத்திக்குக் கஞ்சி கிடைத்தது, மற்றவளுக்குக் கிடைக்கவில்லை. இதை உங்கள் டோவிடம் சொல்லி, எது சரியான முடிவு என்று கேளுங்கள். அவர் பதிலை எனக்கு எழுதுங்கள்.

ரங்கூன், தாம்வே பகுதியிலிருந்து ஒருவர்: மனைவியும் நானும் ஒரு தொடரை நூற்றிரண்டு நாள் பார்த்தோம். கடைசிப் பகுதியன்று வில்லி நீதிமன்றத்துக்குள் நுழையும்போது மின்சாரம் போய்விட்டது. திரும்பி வருவதற்குள் என் மைத்துனி தொலைபேசியில் முடிவைச் சொல்லிவிட்டாள். மனைவி அவளோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. இனி அதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

பதில்: துரியோதனன் தொடை பிளந்து சாவான் என்பது தெரியாமல் ஒருவராவது பதினெட்டாம் நாள் போர்க் கூத்துக்குப் போனதுண்டா? தெரிந்துகொண்டுதான், பாயும் போர்வையுமாகப் போய் விடிய விடிய உட்கார்ந்தார்கள். முடிவைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அவள் நீதிமன்றப் படியேறும்போது கைப்பையை எந்தத் தோளில் மாட்டியிருக்கிறாள் என்றுகூடக் கவனிக்க முடியும். இன்வெர்ட்டர் பேட்டரி நிறைந்திருக்கும் ஓர் இரவாகப் பார்த்துக் கடைசிப் பகுதியைப் போடுங்கள். மைத்துனியையும் கூப்பிட்டு, மனைவிக்கு எதிர் நாற்காலியில் உட்கார வையுங்கள். லப்பெத் (ஊறவைத்த தேயிலை) தட்டு மைத்துனி பக்கம் வராமல் பார்த்துக்கொண்டால் உங்கள் வீட்டுக் கணக்கும் அன்றைக்கே தீர்ந்துவிடும்.